ஆமை கடித்த பல் செட்டு

ஆமை பல் செட்டைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது.

அதை மல்லாக்கப் போட்டு, மேலே முழங்காலை ஊன்றி, ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக்கொண்டிருந்தார் மாப்பிள்ளை. ஆமை என்றதும் யாரும் பதற வேண்டாம். வீடு முழுக்கத் தானே ஊர்ந்து தரையைப் பெருக்கும் வட்டமான மெஷின் அது. மாப்பிள்ளை ஆசைப்பட்டு வாங்கினார். அவர் மனைவி டீச்சர் அதற்கு ஆமை என்று பெயர் வைத்தார். இத்தனை நாள் அது பெருக்கிய லட்சணத்துக்கு அந்தப் பெயரே அதிகம். இன்றைக்கென்று பார்த்து அதற்குச் சுறுசுறுப்பு வந்து, விருந்தினர் அறைக்குள் புகுந்து, கட்டிலோரத்து முக்காலியை முட்டி, அதன் மேலிருந்த டம்ளரைக் கவிழ்த்து, உள்ளேயிருந்து விழுந்த மேல்வரிசைப் பல் செட்டைக் குப்பை என்று நினைத்து விழுங்கிவிட்டது.

கடைசியில் செட்டு வெளியே வந்தது. மூன்று துண்டாக வந்தது. முன்பல் இரண்டும் பிரஷ்ஷுக்குள் பொடியாகக் கிடந்தன.

"போச்சு!" என்றார் மாப்பிள்ளை. அதைக் கேட்க வீட்டில் யாரும் இல்லை. டீச்சர் பள்ளிக்கூடம் போய்விட்டார். மாமனார் காலை நடைக்குப் போயிருந்தார்.

மாமனாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பச்சைக்கொடி, சிவப்புக்கொடி, ஒரு விசில். வாழ்நாள் முழுக்கப் பேச்சே தேவைப்படாத உத்தியோகம். உதட்டை மூடிக்கொண்டு தொங்கும் மீசை வேறு. மாப்பிள்ளையிடம் அவர் சிரித்துப் பேசியதாகச் சரித்திரமே இல்லை. மாமியார் இருந்தவரை இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அவர்தான் பேசினார், அவர்தான் சிரித்தார். மாமியார் தவறிப்போய் இரண்டு மாதம் ஆகிறது. அதிலிருந்து மாமனார் ஊரில் அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். டீச்சர் போய் அழுது, சண்டை போட்டு, நேற்றுத்தான் கூட்டி வந்திருந்தார்.

"ஒரு வாரம் இருந்து பார்க்கிறேன்னு சொல்லியிருக்கார்," என்று டீச்சர் காலையில் படி இறங்கும்போது சொன்னார். "பிடிச்சா இங்கேயே இருப்பார். பிடிக்கலேன்னா அந்த வீட்டுக்கே திரும்பிப் போயிடுவார். அங்க விழுந்து கிடந்தாக்கூட ஏன்னு கேட்க ஆள் இல்லைங்க."

"நான் பார்த்துக்கிறேன்."

"நீங்க பார்த்துக்க வேண்டாம். உங்க மெஷின் எதுவும் அவர் பக்கம் போகாம இருந்தாப் போதும்."

அந்த வாக்கைத்தான் மாப்பிள்ளை இப்போது மூன்று துண்டாகக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பல் மருத்துவமனைக்குப் போன் போட்டார். எடுத்த பெண் நிதானமாகச் சொன்னாள். "அது ஒட்டுற சமாச்சாரம் இல்ல சார். ஆளைக் கூட்டிட்டு வாங்க. புதுசா அளவெடுத்துத்தான் பண்ணணும். ஒரு வாரம் ஆகும்."

ஆளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமென்றால் ஆளிடம் சொல்ல வேண்டும். அதற்கு மாப்பிள்ளைக்குத் தைரியம் இல்லை. துண்டுகளைச் சட்டைப்பைக்குள் போட்டு, டம்ளரில் புதுத் தண்ணீர் ஊற்றி, பழைய இடத்தில் வைத்தார். அப்போதுதான் வாசல் கதவு திறந்தது.

மாமனார் நேராக அறைக்குப் போனார். டம்ளரைப் பார்த்தார். தண்ணீருக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். தலையணையைத் தூக்கினார், போர்வையை உதறினார், பெட்டியைக் கவிழ்த்தார்.

"என்ன மாமா தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல." மீசைக்குள்ளிருந்து சத்தம் வந்ததே தவிர வாய் திறந்ததாகத் தெரியவில்லை.

பாவம், வெட்கப்படுகிறார் என்று மாப்பிள்ளைக்குப் புரிந்தது. எந்த மனுஷன்தான் பல்லைக் காணோம் என்று மாப்பிள்ளையிடம் சொல்வான்? மேஜையில் ரொட்டியும் ஆப்பிளும் இருந்தன. அவசர அவசரமாக அவற்றை எடுத்து ஒளித்துவிட்டு, உருளைக்கிழங்கை வேகவைத்து, கூழாக மசித்துக் கொண்டுவந்து வைத்தார்.

மாமனார் கிண்ணத்தைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மெல்ல வேண்டியதே இல்ல மாமா. அப்படியே முழுங்கிடலாம்," என்றார் மாப்பிள்ளை, இதமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

இடைவேளையில் டீச்சர் போன் பண்ணினார். "அப்பா சாப்பிட்டாரா?"

"சாப்பிடுவார். ஓய்வா இருக்கார்."

"என்னங்க குரல் ஒரு மாதிரி இருக்கு? ஆமை எங்க?"

"ஆமை தூங்குது," என்று சொல்லிப் போனை வைத்தார்.

இனி ஒரே வழிதான். மாப்பிள்ளை வீட்டிலிருந்தபடியே கட்டட வரைபடம் போட்டுக் கொடுப்பவர். அவருடைய வேலை அறையில், டீச்சருக்கு அறவே பிடிக்காத இன்னொரு மெஷின் இருந்தது. த்ரீ-டி பிரிண்டர். பிளாஸ்டிக் இழையை உருக்கி, அடுக்கடுக்காகப் பூசி, கேட்ட பொருளைக் கேட்ட வடிவத்தில் செய்து கொடுக்கும். இதுவரை ஒரு போன் ஸ்டாண்டும், சோப்பு நுழையாத ஒரு சோப்புப் பெட்டியும் செய்து கொடுத்திருந்தது. இன்றைக்காவது தன் மானத்தைக் காப்பாற்றட்டும் என்று மாப்பிள்ளை அதைக் கும்பிடாத குறையாகத் துடைத்தார்.

துண்டுகளைப் பசை தடவிச் சேர்த்து, போனால் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தார். போனில் இருந்த ஆப், 'விட்டுப்போன பகுதியை நானே நிரப்பட்டுமா?' என்று கேட்டது. நிரப்பு என்றார். நொடியில் முன்பல் இரண்டும் திரையில் முளைத்தன. இந்த மெஷினையா டீச்சர் திட்டுகிறார் என்று அவருக்குக் கண் கலங்கியது.

முதலில் வந்தது ஒரு பூனைக்குட்டிக்குத்தான் பொருந்தும். அளவில் எங்கோ தப்பு. அளவைத் திருத்தி மறுபடி ஓடவிட்டார். மெஷின் முனகிக்கொண்டே அடுக்கடுக்காகப் பூசியது. குதிரை லாட வடிவத்தில் அடித்தளம் எழும்பி, மேலே பற்கள் ஒவ்வொன்றாக முளைக்கத் தொடங்கிய நேரத்தில், பின்னால் யாரோ மூச்சு விடும் சத்தம் கேட்டது.

மாமனார் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"இது என்ன?"

மாப்பிள்ளைக்கு உயிரே போய்விட்டது. "க... கட்டடம் மாமா. மாடல்."

"என்ன கட்டடம்?"

"விளையாட்டு அரங்கம்."

மாமனார் குனிந்து பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். "சுத்தி இருக்கிறதெல்லாம்?"

"சீட்டு மாமா."

"நடுவுல ரெண்டு மட்டும் பெரிசா இருக்கே?"

"அது முக்கியஸ்தர்கள் உட்கார்றது."

மாமனார் தலையை ஆட்டினார். திரும்பிப் போகும்போது, "சாயந்தரம் எங்க ஊர்ப்பக்கம் வண்டி இருக்கா, பாருங்க," என்றார்.

"எதுக்கு மாமா?"

"வீட்டுல ஒண்ணை விட்டுட்டு வந்துட்டேன் போல. போய்த் தேடணும். அப்படியே அங்கேயே இருந்துக்கிறேன்."

கொஞ்ச நேரத்தில் அவர் அறையில் பையின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. சாயந்தரம் டீச்சர் வந்து அந்தப் பையைப் பார்த்தால், அழுவாரா, அடிப்பாரா என்று சொல்ல முடியாது. அழுவார் என்பதுதான் பெரிய பயம். அம்மா போனபோது அவர் அழுத அழுகையை மாப்பிள்ளை பார்த்திருக்கிறார். இன்னொரு தடவை அதைப் பார்க்கத் தெம்பு இல்லை.

மெஷின் பக்கம் திரும்பினார். மெஷின் நின்றுபோயிருந்தது. வெள்ளை இழை தீர்ந்துவிட்டது. அரங்கத்தில் பாதி சீட்டு முளைக்கவே இல்லை. கையிருப்பில் இருந்ததெல்லாம் கிளிப்பச்சை.

கடைக்கு ஓடினார்.

"வெள்ளை ரோல் ஒண்ணு குடுங்க, சீக்கிரம்!"

"வெள்ளை தீர்ந்துபோச்சு சார்," என்றார் கடைக்காரர். "இது வேணா பாருங்க. ஸ்பெஷல் வெள்ளை. சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுல எல்லாம் இதைத்தான் கேட்டு வாங்குறாங்க."

"வெள்ளையா இருந்தாச் சரி."

ஸ்பெஷல் என்றால் என்ன ஸ்பெஷல் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவசரத்தில் இருப்பவனுக்கு இதெல்லாம் எங்கே தோன்றும்?

இந்தத் தடவை செட்டு முழுசாக வந்தது. அளவு சரி. பல் சரி. ஆனால் ஈறும் வெள்ளையாக இருந்தது. டீச்சரின் அலமாரியைத் திறந்து ரோஸ் நிற நகப்பூச்சை எடுத்து, ஈறு முழுக்க ஒரு பூச்சு கொடுத்தார். காயவைத்து எட்ட நின்று பார்த்தார். அச்சு அசல்! கொஞ்சம் சிரிக்கிற மாதிரிகூட இருந்தது.

மாமனார் குளிக்கப் போனதும் மாப்பிள்ளை நுனிக்காலால் நடந்து அறைக்குள் போனார். செட்டை டம்ளரில் போட்டார். ஜன்னல் வெயில் அதன் மேல் நேராக விழுந்தது. நல்லதுதான், வந்ததும் கண்ணில் படும் என்று நினைத்து வெளியே வந்து, கதவுக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றார்.

மாமனார் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். டம்ளர் பக்கம் பார்க்கக்கூட இல்லை. தேடி அலுத்துப்போன மனுஷன், இன்னும் எத்தனை தடவைதான் அங்கே பார்ப்பார்? வண்டிக்கு நேரம் இருக்கிறது, கொஞ்சம் படுக்கலாம் என்று எண்ணியவர் போல ஜன்னலின் கனத்த திரையை இழுத்து மூடினார். அறை இருண்டது. கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

உள்ளே சத்தமே இல்லை.

மாப்பிள்ளை இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். இருட்டுக்கு நடுவே, முக்காலியின் மேலே, அந்தப் பல் செட்டு மட்டும் பச்சையும் நீலமுமாக ஜெகஜ்ஜோதியாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. வெயிலில் இருந்த நேரமெல்லாம் வெளிச்சத்தைக் குடித்து வைத்திருக்கிறது! தண்ணீரில் ஆடி ஆடி அது இப்படியும் அப்படியும் சிரித்தது. ஸ்பெஷல் வெள்ளையின் ஸ்பெஷல் இதுதான்.

"அடப்பாவி கடைக்காரா!" என்று மாப்பிள்ளை வாய்க்குள்ளேயே திட்டினார்.

மாமனார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தவில்லை. எழுந்திருக்கவில்லை. முதுகு மட்டும் மெல்லக் குலுங்கியது. துண்டை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டார்.

அழ வைத்துவிட்டேனே என்று மாப்பிள்ளை இடுக்கிலிருந்து விலகினார். இத்தனை வருஷம் ரயிலை நிறுத்திய மனுஷன், மாப்பிள்ளை வீட்டில் ஒரு நாள் தங்கிய பாவத்துக்குத் தன் பல்லைப் பார்த்துத் தானே அழுகிறார். இதற்கு மேல் ஒரு அவமானம் உண்டா? கூடத்தில் போய் உட்கார்ந்தவர், டீச்சர் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

டீச்சர் வந்தார். கணவர் முகத்தைப் பார்த்தார். "என்ன பண்ணீங்க?" என்றுதான் முதலில் கேட்டார்.

மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் அறைக்கதவு திறந்தது. மாமனார் வெளியே வந்தார். கையில் பை இருந்தது. டீச்சரின் முகம் சுருங்கியது.

"அப்பா... கிளம்பிட்டீங்களா?"

"இல்லம்மா. பையைக் காலி பண்ணிட்டேன். இதை எங்கேயாவது பரண்ல போட்டு வை."

"அப்படின்னா?"

"இங்கேயே இருந்துடுறேன்."

டீச்சர் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். அழுதுகொண்டே கணவரைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு பார்வையை மாப்பிள்ளை வாங்கியதில்லை. "என்ன சொல்லி மனசை மாத்துனீங்க?" என்று காதோரம் கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்தபடி டீ போட உள்ளே போனார்.

மாப்பிள்ளைக்கு ஒன்றுமே விளங்கவில்லை. தப்பித்தோம் என்று இருந்துவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தார். ஆனால் ராத்திரிச் சாப்பாடு என்று ஒன்று இருக்கிறதே. பெரியவர் பசியில் அந்தப் பல்லை எடுத்து வாயில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால்? நகப்பூச்சு வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று எந்த ஆப்பிலும் அவர் கேட்டு வைத்திருக்கவில்லை. போகட்டும், வருவது வரட்டும், உயிரோடு விளையாடக் கூடாது என்று முடிவு கட்டினார்.

பக்கத்தில் போய், குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மாமா, என்னைத் திட்டுனாலும் பரவாயில்ல. அந்த டம்ளர்ல இருக்கிற பல்லை மட்டும் வாயில வச்சுடாதீங்க."

மாமனார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மீசை விலகியது. முதல் தடவையாக மாப்பிள்ளையைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். வரிசை வரிசையாக, ஒன்றுகூடக் குறையாமல் அத்தனை பல்லும் தெரிந்தன.

"நான் எதுக்கு மாப்பிள்ளே வைக்கப்போறேன், எனக்கு எல்லாமே சொந்தப் பல்லு, அது உங்க அத்தையோடது... காலையில எங்கேயோ காணாமப் போயிட்டா, அப்புறம் தானா திரும்பி வந்து, இருட்டுல என்னைப் பார்த்துச் சிரிச்சா."