டிக்கெட் நிரலைக் காக்கவைத்த யோசியாஸ் பிரதாபம்

உப்புக்காற்று உண்டு வளர்ந்தவனும், ஒருநாளும் சீப்புக்கு அடங்காத தலையினனும், அம்போன் தீவின் துலேஹுத் துறையிலிருந்து சபருவாத் தீவுக்குப் படகு விடும் சிறு கம்பெனி ஒன்றின் கணினிகள் அனைத்துக்கும் ஒரே காவலனுமாகிய யோசியாஸ் லத்துஹேரு வாழ்க! அவன் பத்து விரலும் வாழ்க! அவ்விரல் பட்டுத் தேய்ந்து எழுத்தழிந்த விசைப்பலகையும் உடன் வாழ்க! அலைகளே, இரைச்சலைக் குறைத்துக்கொள்ளுங்கள். கிழக்குப் பருவக்காற்று கடலைப் புரட்டி எடுத்த ஒரு சனிக்கிழமைக் காலையில் அவன் பொருத பெரும்போரைப் பாடப் புகுந்தேன்.

பகைவன் யாரெனக் கேட்பீராயின், வாளேந்திய மன்னன் அல்லன். டிக்கெட் அடிக்கும் நிரல். அது கவுன்டர்க் கணினியில் குடியிருந்தது. பயணிகளின் பெயரையும் இருக்கையையும் காத்துவைக்கும் தரவுக் களஞ்சியமோ பின்னறைக் கணினியில் கொலுவீற்றிருந்தது. மின்சாரம் போய்த் திரும்பும்போதெல்லாம் இரண்டும் ஒருசேர விழிக்கும். நிரல் இளங்காளை, விழித்த கணமே கொம்பைத் தாழ்த்திப் பாய்ந்து, பின்னறை நோக்கி ஒரு குரல் கொடுக்கும். களஞ்சியமோ கிழட்டு யானை. திடீரென்று உறங்க நேர்ந்ததால் எதெது அரைகுறையாய் நின்றது, எதெது கலைந்தது என்று ஒவ்வொன்றாய்த் தடவிச் சரிபார்த்த பின்னரே வாய் திறக்கும். பதில் வராத அவமானம் தாங்காமல் நிரல் அந்த இடத்திலேயே உயிரை விட்டுவிடும். யாரேனும் போய்க் கையால் எழுப்பினாலன்றி எழாது. அந்த யாரேனும், நம் யோசியாஸ்.

இதை அவன் முன்பே ஒருமுறை வென்றிருந்தான். 'விழித்ததும் பாயாதே, ஒன்று, இரண்டு என்று கொஞ்ச நேரம் எண்ணிவிட்டுப் பாய்' என்று நிரலின் காதில் ஒரு வரி ஓதிவைத்தான். சில மாதங்கள் அமைதி நிலவிற்று. ஆனால் பயணிகள் பெருகப் பெருகக் களஞ்சியமும் பெருத்தது. பெருத்த யானை எழ அதிக நேரம் கேட்டது. நிரல் எண்ணி முடித்துப் பாய்ந்தது, முன்போலவே மாண்டது.

அந்தச் சனிக்கிழமை அது மாண்ட வேளை கொடிது. காற்றில் கம்பிகள் உரசி மின்சாரம் விக்கல் எடுத்தவன்போல் வந்து வந்து போயிற்று. நண்பகலுக்குள் அலை இன்னும் உயருமென்றும், அதன்பின் எப்படகும் புறப்படலாகாதென்றும் துறைமுக அதிகாரி அறிவித்துவிட்டார். கணினியில் பதிந்த பயணிகளின் பெயர்கள் கைக்கு வராமல் படகை அவிழ்க்க அவர் விடமாட்டார். கவுன்டர் முன்னே மூட்டையும் முடிச்சுமாய் நின்ற மக்கட்கடலின் நடுவில், வெள்ளைக் கவுனைத் துணியுறையில் போட்டு இரு கையாலும் ஏந்தியபடி நின்றாள் யொலா என்னும் மணப்பெண். சபருவாவில் தேவாலயமும் மாப்பிள்ளையும் பிற்பகலில் அவளுக்காகக் காத்திருந்தனர்.

கவுன்டரை ஆள்பவள் க்ரேத்தி. துறை முழுவதும் உஸி க்ரேத்தி என்று அக்கா முறை வைத்து அஞ்சும் நாவினள். கூட்டத்தின் கூச்சலுக்கு மேலே அவள் குரல் எழுந்தது.

"யோஸ், உன் பெட்டி மறுபடி செத்துடுச்சு. நீ வந்து எழுப்புறியா, இல்ல பாஸ்டரக் கூப்பிடட்டுமா?"

யோசியாஸ் ஓடினான், எழுப்பினான். நாலைந்து பேருக்கு டிக்கெட் வந்தது. மின்சாரம் விக்கியது, நிரல் செத்தது. மீண்டும் ஓடினான், மீண்டும் எழுப்பினான், மீண்டும் செத்தது. தேர்ச்சக்கரத்தைத் தோளால் தள்ளும் ஒற்றைச் சாரதிபோல் வியர்த்து நின்ற அவனருகே மணப்பெண் வந்தாள். அழவில்லை; தாழ்ந்த குரலில்தான் பேசினாள்.

"பூங் யோஸ், போன வருஷமும் கடல மூடித்தான் கல்யாணம் நின்னுச்சு. இந்தத் தடவையும் நின்னா மாப்பிள்ளையோட அம்மா சகுனம் சரியில்லன்னு சொல்லிடுவாங்க. சொல்லணும்னு காத்துக்கிட்டிருக்காங்க."

அண்ணனென்று அழைத்து ஒரு பெண் இப்படிச் சொன்னபின் ஓடி ஓடி எழுப்புவது வீரமாகுமா? யோசியாஸ் தரையில் சம்மணமிட்டு மடியில் மடிக்கணினியை வைத்தான். நிரலுக்கு முன்னே ஒரு வாயிற்காவலனைப் படைத்தான். களஞ்சியத்தின் கதவைத் தட்டு. கதவு திறந்தால் நிரலை உள்ளே விடு. திறவாவிடில் சற்றுப் பொறுத்து மறுபடி தட்டு என்பது கட்டளை. மின்சாரம் போனது, வந்தது. காவலன் தட்டினான்; கதவு திறந்தது. நிரல் சிங்கமெனப் புகுந்தது, செத்தது.

உஸி க்ரேத்தி முறுக்கிய துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். வசவைவிட அது கொடிதாயிருந்தது.

மாவீரன் பின்னறைக்குப் போய் மண்டியிட்டு அங்குள்ள திரையை உற்றுநோக்கினான். அங்கே உண்மை விளங்கிற்று. கதவைத் திறந்துவிட்டு உள்ளே இன்னும் பெருக்கிக்கொண்டிருந்தது களஞ்சியம். கேட்டவர்க்கெல்லாம் 'இப்போதுதான் எழுகிறேன், பிறகு வா' என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. கதவு திறந்திருப்பது வேறு, ஆள் தயாராயிருப்பது வேறு என்பதை இத்தனை வருடம் கம்பியோடும் கருவியோடும் வாழ்ந்தவன் அன்றுதான் தன் கண்ணால் கண்டான்; கண்டு தன் நெற்றியிலேயே ஓர் அறை விட்டுக்கொண்டான்.

உடனே காவலனுக்குப் புது ஆணை பிறந்தது. தட்டினால் போதாது, உள்ளே நின்று ஒரு கேள்வி கேள். கடைசியாகப் பதிந்த பயணியின் பெயர் என்ன? சரியான விடை கையில் விழும்வரை நிரலின் கொம்பைப் பிடித்துக்கொண்டு நில். நெடுநேரமாகியும் விடை இல்லையேல் சும்மா நில்லாதே. மணியடித்து என்னைக் கூப்பிடு.

சொல்லி வைத்தாற்போல் மின்சாரம் போயிற்று, வந்தது. துறையே மூச்சடக்கிற்று என்பேன். உண்மையில் ஒரு குழந்தையும் இரண்டு கோழிகளும் அடக்கவில்லை. காவலன் கேட்டான், பிறகு வா என்றது களஞ்சியம். பொறுத்தான், கேட்டான், பிறகு வா. உஸி விரலால் மேசையைத் தட்டினாள். யொலாவின் கை கவுனை இறுக்கிற்று. மறுபடி கேட்டான். ஒரு கிழவரின் பெயர் விடையாய் வந்தது. காவலன் விலகினான், காளை உள்ளே புகுந்தது, செத்திலது! டிக்கெட் இயந்திரம் கிர்ரென்று முழங்க, முதல் காகிதம் நாக்கு நீட்டிற்று.

அதன்பின்னும் இருமுறை மின்சாரம் விக்கிற்று. யோசியாஸ் எழவில்லை. மடியில் கைகட்டி அமர்ந்திருந்தான்; நிரல் தானே காத்திருந்தது, தானே எழுந்தது. பயணிகளின் பெயர்கள் அச்சாகி அதிகாரியின் கையேறின. முகம் சுளித்துக் கடலைப் பார்த்தவர், கையசைத்தார். உயர்ந்தெழுந்த அலையின் முதுகில் படகு ஏறிற்று. கவுனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி யொலா சென்றாள். மாலையில் அவள் மாமியார் வேறு எதையோ குறை சொன்னதாகவும், மணம் குறைவின்றி நடந்ததாகவும் செய்தி வந்தது.

யோசியாஸ் எழுந்து நின்றான். வெற்றிமுரசில்லா வெறுந்துறையில், காலியான பெஞ்சுகள் கேட்க, பிரகடனம் செய்தான்:

"உஸி, இனிமே எத்தன தடவ கரண்ட் போனாலும் என்னக் கூப்பிட வேணாம். இது தயாரான்னு கேக்காம எதுவும் இங்க கிளம்பாது."

"சரி, நகரு. பெருக்கணும்" என்றாள் உஸி க்ரேத்தி.

அன்று முதல் நம் நாயகன் மின்வெட்டுக்காக ஏங்கினான். வானம் இருண்டால் மார்பு விம்மினான். காற்று சீறினால் பின்னறை வாசலில் போய் நின்றான். தன் காவலனின் புகழை உலகு காணும் அடுத்த பெரும்போருக்காக, உறையுள் வாள்போல் உள்ளம் துடிக்கக் காத்திருந்தான்.

அடுத்த வாரம் முதலாளி ஒரு ஜெனரேட்டர் வாங்கிப் போட்டார்.