மேலோடு மேல், கீழோடு கீழ்

அந்த வருஷம் கண்மாய்க்குத் தண்ணீர் வரவில்லை. பதிலாக ஒரு படிவம் வந்தது. ஆர்.எஸ்.மங்கலத்தைச் சுற்றியிருந்த ஊர்களுக்கெல்லாம் வந்தது. 'பாதிக்கு மேல் பயிர்ச்சேதம் அடைந்த விவசாயிகளுக்கு விதைநெல் இலவசம். சேதத்தைப் பின்னத்தில் மட்டும் குறிப்பிடுக.' கண்ணீரில் குறிப்பிட்டால் செல்லாதாம்.

இருளம்மாள் பின்னத்துக்கெல்லாம் பயப்படுகிற ஆள் இல்லை. அறிவொளி வகுப்பில் படித்துக் கையெழுத்துப் போடுகிறவள். அவளுக்கு இருந்தது ஆறு வயல். மூன்று காய்ந்துபோனது, இரண்டை எலி தின்றது. மிஞ்சிய ஒன்றில் விளைந்தது சோற்றுக்கே காணாது. ஆறு வயலுக்கு ஒரு மூட்டை விதை வேண்டும். வீட்டில் ஒரு பிடி கிடையாது. படிவம் அனுப்பிய ஆபீஸும் கைவிட்டால் அடுத்த விதைப்பு இல்லை.

வறட்சி 1/2, எலி 1/3 என்று எழுதிக்கொண்டு போய் நின்றாள்.

நிவாரணத் தனி அலுவலர் ராமசுப்பிரமணியன் நல்ல மனுசர், கோபமே படமாட்டார். கோபப்படச் சொல்லி மேலிடத்து உத்தரவு ஏதும் வந்ததில்லை. பேனாவைத் திறந்தார்.

"மேலோடு மேல், ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. கீழோடு கீழ், ரெண்டும் மூணும் அஞ்சு. அஞ்சில் ரெண்டு. பாதிகூட இல்லையேம்மா!"

"அய்யா, ஆறு வயல்ல அஞ்சு போச்சு. வந்து பாருங்க."

"வயலைப் பார்த்துக்கிட்டிருந்தா ஆபீஸை யார் பார்க்கிறது? சுற்றறிக்கையில இப்படித்தான் கூட்டச் சொல்லியிருக்கு."

"சரிங்க, காஞ்சது மட்டும் எம்புட்டு?"

"பாதி."

"எலியும் தின்ன பொறகு?"

"அஞ்சில் ரெண்டு."

"அப்ப எலி தின்னதுல எனக்கு நட்டம் கொறஞ்சிருச்சா?"

"கண்கூடாத் தெரியுதே!"

"அப்படின்னா எலியை அடிச்சிருங்க அய்யா. காஞ்சது மட்டும் இருக்கட்டும்."

"அது சரிபாதியாப் போயிரும். 'பாதிக்கு மேல்'னுல்ல போட்டிருக்கு?"

அடப்பாவி மனுசா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு வெளியே வந்தாள். சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் புதுப் படிவத்தோடு உட்கார்ந்தாள். இந்தக் கணக்கு வயலுக்கு இல்லை, இந்த ஆளுக்கு என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. மூணில் ஒண்ணு கீழே இழுக்கிறது என்றால், எது மேலே தூக்கும்? எழுதினாள், அடித்தாள், எழுதினாள். கடைசியில் உள்ளே போனபோது படிவத்தில் இருந்தது: வறட்சி 1/2, எலி 3/4.

"மேலோடு மேல் நாலு, கீழோடு கீழ் ஆறு. ஆறில் நாலு! பாதிக்கு மேலேயே நிக்குதே! இதை மொதல்லயே ஒழுங்கா எழுதியிருக்கக் கூடாதா?" என்று முத்திரையைக் குத்தினார்.

உண்மை தள்ளுபடி ஆன அதே மேஜையில், இருந்த நிலத்தைவிடக் கால் பங்கு அதிகமாகவே இருளம்மாளுக்குச் சேதம் ஆனதை அரசு ஏற்றுக்கொண்டது. வரிசையில் நின்ற பக்கத்து வயல்காரர் பால்சாமி, "ஏத்தா, என்னத்த எழுதுன?" என்று கேட்டார். சொன்னாள். பொழுது சாய்வதற்குள் மொத்த ஊர் நிலத்திலும் எலி முக்கால் தின்றிருந்தது.

அடுத்த மாசம் விதைநெல் வந்தது. இருளம்மாள் சீட்டை வாங்கிப் படித்தாள்: வருவாய்த் துறை 1/2 மூட்டை, வேளாண் துறை 1/3 மூட்டை. மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். அஞ்சு வயலுக்கு அளந்து வைத்தது மாதிரி வந்தது. வயிறு குளிர்ந்துபோனது. ஆனால் கையில் கொடுத்த சாக்கு துவண்டு கிடந்தது.

"அய்யா, இது அரை மூட்டைகூட இல்லையே!"

"மேலோடு மேல் ரெண்டு, கீழோடு கீழ் அஞ்சு. அஞ்சில் ரெண்டு மூட்டை."

"இது ரெண்டரை வயலுக்குக்கூடக் காணாதுங்க! தப்புக் கணக்கு!"

ராமசுப்பிரமணியன் அப்போதும் கோபப்படவில்லை. காகிதக் கட்டுக்குள்ளிருந்து அவள் படிவத்தை மெதுவாக உருவினார்.

"இந்தக் கணக்குலதானம்மா உனக்குச் சேதமே தேறுச்சு? இது தப்புன்னா அதுவும் தப்பு. பாதி காஞ்ச நெலத்துல முக்காலை எலி தின்னுச்சுன்னு கையெழுத்துப் போட்டது யாரு? பொய் மனுன்னு எழுதிரட்டுமா?"

பின்னாலிருந்து பால்சாமி அவள் முதுகில் இடித்தார். "வாயை மூடுத்தா. எங்க எல்லாத்துக்கும் அதே எலிதான்."

இருளம்மாள் சாக்கைத் தூக்கித் தலையில் வைத்தாள். "கணக்கு சரிதாங்க" என்றாள்.

'அளவைச் சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்' என்ற வரிக்குக் கீழே முதல் கையெழுத்து அவளுடையது. அறிவொளியில் படித்த எழுத்து, அச்சடித்தது மாதிரி இருந்தது. அதற்குக் கீழே ஊரே வரிசையாக நின்று போட்டது.