மெசின் உறிஞ்சிய பழி

"திரும்பவும் தொளதொளத்துப் போச்சு கா!" என்று மங்கையற்கரசி கூவினாள்.

அன்னப்பூரணி கருவாட்டுப் பக்கெற்றைப் பிடுங்கிப் பார்த்தாள். கட்டையாக இறுகி வந்த பைக்குள் காற்றுப் புகுந்து, இறால் கருவாடு கலகலவென்று ஆடியது. அவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது.

ஏறாதா பின்னே? சுனாமிக்குப் பிறகு யாரோ வெள்ளைக்காரர் தந்துவிட்டுப் போன மெசின் அது. பையை உள்ளே வைத்துக் கண்ணாடி மூடியை அமுக்கினால், காற்றை உறிஞ்சி வாயை ஒட்டித் தரும். ஆரையம்பதிப் பெண்கள் சங்கத்துக்கும் பக்கத்து ஊர்க் காத்தான்குடிப் பெண்களுக்கும் பொது. யுத்தம் முடிந்த பிறகு முதன்முதலாகக் கொழும்பு முதலாளி ஒருவர் இன்று பின்னேரம் கருவாடு பார்க்க வருகிறார். பிடித்துப்போனால் சங்கத்துப் பெண்களுக்கு வருசம் முழுக்க வேலை. இல்லையென்றால் பழையபடி சந்தை வியாபாரியின் காலில் விழ வேண்டியதுதான்.

அதற்காகவே விடியத்தொட்டு ஒவ்வொரு இறாலாகப் பொறுக்கியிருந்தாள். "தலையில கொம்பு முறிஞ்சது ஒண்டும் போகப்படாது. கண்டா பழசெண்டு நினைப்பான்" என்று மங்கையற்கரசியின் கையில் அடியும் போட்டிருந்தாள்.

"இது அந்த ஹஸீனாட வேலை! நேத்து தொதல் இனிப்பு அடைச்சவள். எண்ணெய்க் கையால மூடி றப்பரைத் தொட்டிருப்பாள்."

"அவட தொதல் பக்கெற் இந்தா இறுக்கமாத்தானே கிடக்கு?"

"தன்ட சாமானை அடைச்சுப்போட்டுத் தொட்டிருப்பாள்! நீ வாயை மூடு."

உறிஞ்சும் நேரத்தைக் கூட்டினாள். பை கல்லாக வந்தது. மேசையில் வைக்க முன்னமே தொளதொளத்தது. இன்னும் கூட்டினாள். இப்போது மூடியைத் திறக்கும்போதே தொளதொளத்திருந்தது.

"பம்புக்கு எண்ணெய் காணாது" என்று தையல் மெசின் எண்ணெயை அளவுக் கோட்டுக்கு மேலேயே ஊற்றினாள். மெசின் இருமியது. சங்க மண்டபம் முழுக்கப் புகை.

"விடு கா, யாரையாவது கூப்பிடுவம்!"

"யாரை? அவளையா?"

கோபத்தில் மூடி றப்பரை இழுத்துக் கழற்றித் திருப்பிப் போடப் பார்த்தாள். அது பட்டென்று அறுந்தது.

அந்த நேரம் பார்த்து ஹஸீனா தொதல் சட்டியோடு உள்ளே வந்தாள். அறுந்த றப்பரைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"அல்லாஹ்வே! நாளைக்குக் கலியாண வீட்டுக்கு அடைக்கணும். மெசினை என்ன செஞ்சீங்க?"

"செஞ்சது நீ! எண்ணெயைப் பூசிக் கெடுத்துப்போட்டு ஒண்டும் தெரியாத மாதிரி வாறாய்!"

"ஒவ்வொரு தரமும் துணியால துடைச்சிட்டுத்தான் நான் போற. சுனாமி நேரம் ஒரே பள்ளிக்கூடத்துக்குள்ள ஒரே சட்டிச் சோறு திண்டமே அக்கா! என்னில பழி சொல்ல எப்பிடி வாய் வந்த?"

அன்னப்பூரணிக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஆனால் கோபம் வாயை முந்திக்கொண்டது.

"இண்டையோட காத்தான்குடி ஆக்கள் ஒருத்தரும் இதுக்குள்ள கால் வைக்கப்படாது!"

மங்கையற்கரசி வாயில் கையை வைத்தாள். ஹஸீனாவின் கண் நிறைந்துவிட்டது. வெளியே முதலாளியின் வான் வந்து நின்ற சத்தம் கேட்டது.

ஹஸீனாவைக் கூட்டிவந்த ஓட்டோக்காரன் சாலிஹ் இவ்வளவு நேரமும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். சண்டை ஓய்கிற மாதிரி இல்லை, பசியோ குடலைப் பிடுங்கியது. மேசையில் கிடந்த பக்கெற் ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தான்.

"ஆ... உம்மோ!"

"உனக்கு என்னடா?" என்று அன்னப்பூரணி அவன் மேலும் பாய்ந்தாள்.

சாலிஹ் விரலை உதறிக்கொண்டு பக்கெற்றை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"உங்கட இறாலெல்லாம் பையைக் குத்திட்டுக் கொம்பை வெளிய நீட்டி நிக்கிது அக்கா. மெசின் நல்லாத்தானே உறிஞ்சி இரிக்கி!"