கொம்பைத் தின்ற மாடு

மாட்டின் நெற்றியிலிருந்த வெள்ளைத் திட்டைச் செம்மண் குழைத்து மறைத்துக்கொண்டிருந்தபோது குணசேகரனின் சட்டைப் பையில் போன் அலறியது. மண் கையோடு எடுத்தார். நியூஜெர்சியிலிருந்து அக்கா மகன் திருமுருகன்.

"மாமா, இன்னும் கொஞ்ச நேரத்துல வீடியோ கால். அம்மா இப்பவே பட்டுப்புடவை கட்டி உக்காந்துட்டாங்க. லட்சுமி ரெடியா?"

"ரெடியாயிட்டிருக்கா," என்றார் குணசேகரன். அது பொய்யில்லை. நெற்றி முடிந்தால் கொம்பு ஒன்றுதான் பாக்கி.

லட்சுமியை அவர் விற்று ஒரு வருஷம் ஆகிறது. அக்காவுக்குத் தெரியாது.

கொரோனா சமயத்தில் நன்னிலம் வந்த அக்கா நீலாயதாட்சி, திரும்பிப் போக விமானம் இல்லாமல் மாதக்கணக்கில் தம்பி வீட்டிலேயே தங்க வேண்டியதாயிற்று. தாய் செத்துப்போன ஒரு கன்றுக்குட்டிக்கு அப்போது புட்டியில் பால் கொடுத்து வளர்த்தார். அதுதான் லட்சுமி. விமானம் பறக்க ஆரம்பித்ததும், வீட்டில் தன் பங்கைத் தம்பி பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "வீட்டை இடி, கட்டு, என்ன வேணா பண்ணிக்க. இவளை மட்டும் வித்துடாதடா."

குணசேகரன் இன்சூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. மாடு நம் குடும்பத்தில் ஒருத்தி என்று குடும்ப வாட்ஸப் குழுவில் அடிக்கடி எழுதுவார். சாணி வாடை மட்டும் ஆகாது. கறப்பதும் தண்ணீர் காட்டுவதும் பால்காரர் பாடு. வாழைப்பழத் தோலை வீசுவதற்குத்தான் இவர் பின்கட்டுக் கதவைத் திறப்பார். பிறகு கார் வாங்கினார். நிழலான இடம் கொட்டகை ஒன்றுதான். குடும்பத்தில் யாராவது ஒருவர் வெளியேற வேண்டிய நிலை. தரகர் தியாகராசன் வந்து லட்சுமியை ஓட்டிக்கொண்டு போனார். யார் வாங்கினார்கள் என்று இவர் கேட்கவும் இல்லை.

அதன் பிறகுதான் லட்சுமி மீது அவருக்கு உண்மையான அக்கறை வந்தது. வாராவாரம் அக்காவுக்குப் போனில் சேதி சொன்னார். லட்சுமி வெண்டைக்காய் தின்கிறாள், லட்சுமி ரேடியோ கேட்கிறாள். இணையத்தில் கிடைத்த செவலை மாடுகளின் படங்களையெல்லாம் அனுப்பினார். தீபாவளிக்கு அனுப்பிய படம் பிரமாதமாக அமைந்துவிட்டது. வெள்ளையே இல்லாத நெற்றி, வீணை போல வளைந்த இரண்டு கொம்புகள். திருமுருகன் அதைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு அம்மாவின் கட்டிலுக்கு எதிரே மாட்டிவிட்டான்.

அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. இனி ஊருக்கு வருவது நடக்காத காரியம். "இந்த மாட்டுப் பொங்கலுக்கு அவளைப் பாத்துடணும்டா. போட்டோ வேண்டாம். நேர்ல" என்றார். நேரில் என்றால் வீடியோவில்.

சுற்றுவட்டாரத்தில் எங்கே பார்த்தாலும் கறுப்பும் வெள்ளையுமாகச் சீமைப் பசுக்கள். கடைசியில் ஹமீதா பானுவின் பால் பண்ணையில் ஒரே ஒரு செவலை நாட்டுப் பசு நின்றது. "பொங்கலுக்கு ஒரு நாள் மட்டும் இதை எங்க வீட்டுல கட்டி வச்சுப் பாக்கணும்னு ஆசை. வாடகை என்னன்னு சொல்லுங்கம்மா" என்று கேட்டார். அந்த அம்மாள் அவரையே சற்று நேரம் பார்த்தார். பிறகு வாடகையெல்லாம் வேண்டாம் சார், நானே அனுப்பி வைக்கிறேன் என்றார். இந்தக் காலத்திலும் இப்படி ஏமாளிகள் இருக்கிறார்களே என்று குணசேகரன் நெகிழ்ந்துபோனார்.

மத்தியானம் குட்டியானை வண்டியில் மாடு வந்து இறங்கியது. இறங்கிய மாடு யாரையும் கேட்கவில்லை. வீட்டின் பக்கவாட்டுச் சந்து வழியாக நேரே பின்கட்டுக்குப் போய், கார் பக்கத்தில் நின்றுகொண்டது. இழுத்தார், தள்ளினார், கெஞ்சினார். அசையவில்லை. மாடி வீட்டுக்குக் குடிவந்தவரும் முதல் நாள் இப்படித்தான் சொந்த வீடு மாதிரி நடந்துகொண்டார் என்பது அவருக்கு நினைவு வந்தது.

மாடு வழியை மறித்து நின்றதால் காரை வெளியே எடுக்க முடியவில்லை. கொட்டகையில் கார் நிற்பதை அக்கா பார்த்தால் கதை கந்தல். எதிர்வீட்டிலிருந்து வைக்கோல் வாங்கி வந்து காரின் மேல் போட்டு மூடினார். தூரத்திலிருந்து பார்க்க வைக்கோல் போர் மாதிரியே இருந்தது. கிட்டத்திலிருந்து பார்த்தால் சக்கரம் வைத்த வைக்கோல் போர்.

நெற்றி வெள்ளையைச் செம்மண்ணில் அடக்கியாயிற்று. அடுத்தது கொம்பு. இந்த மாட்டுக்கு இடது கொம்பு பாதியில் முறிந்திருந்தது. பொங்கலுக்கு வந்த காய்கறிக் கூடையில் நல்ல முள்ளங்கி ஒன்று இருந்தது. உள்ளே குடைந்து, மொட்டைக் கொம்பில் தொப்பி போல மாட்டி, இரண்டு கொம்புக்கும் நீலச் சாயம் பூசினார். சற்று விலகி நின்று பார்த்தார். விலா எலும்புதான் கொஞ்சம் உதைத்தது. லட்சுமிக்கு எலும்பு எண்ணலாம், இது கொழுகொழுவென்று பளபளத்தது. பரவாயில்லை, தான் ஊட்டி வளர்த்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்.

பொழுது சாயும் நேரத்தில் போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்தார். திரையில் எல்லோரும் வந்தார்கள். நியூஜெர்சியில் காலை. திருமுருகன் கையில் தாம்பாளம். மாடு இல்லாத குறைக்கு அவன் வீட்டு நாய், கழுத்தில் மாலையும் நெற்றியில் குங்குமமுமாக உட்கார்ந்திருந்தது. சிட்னியில் அக்கா மகள் சுவேதாவுக்கு அர்த்தராத்திரி ஆகப்போகிறது. அவள் முதுகுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் போட்ட பொய்க் கொட்டகைப் படம் ஒன்று, அவள் தலையை அசைக்கும்போதெல்லாம் அவள் காதைக் கடித்துத் தின்றது.

"பொங்கலோ பொங்கல்" என்று எல்லோரும் தட்டைத் தட்டினார்கள். நன்னிலத்துப் பொங்கலோவும் சிட்னியின் பொங்கலும் வேறுவேறு நேரத்தில் வந்து சேர, நடுவில் நாய் குரைத்தது.

அக்கா மட்டும் தட்டவில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையையே பார்த்தார்.

"கிட்டக் காட்டுடா."

"வெளிச்சம் பத்தாதுக்கா."

"முன்னல்லாம் அங்க வைக்கப்போர் கெடையாதே?"

"லட்சுமிக்காகப் போட்டேன்க்கா. அவ பசி தாங்க மாட்டா."

அதை நிரூபிப்பது போல மாடு வைக்கோல் போரைத் தின்ன ஆரம்பித்திருந்தது. ஒரு மூலையில் கண்ணாடி மின்னியது. குணசேகரன் பாய்ந்து போய்க் குனிந்து வைக்கோலை இழுத்து விட்டார். இடுப்பு வேட்டியில் சொருகியிருந்த கார் சாவி அமுங்கியது. வைக்கோல் போர் குய்ங் என்று கத்தி இரண்டு கண்ணையும் சிமிட்டியது.

"மாமா, அது என்ன?" என்றாள் சுவேதா.

"மின்மினிம்மா. நம்ம ஊருல இந்த சீசனுக்கு நெறைய வரும்."

"மின்மினி இண்டிகேட்டர் போடுமா மாமா?"

அதற்குள் அக்காவின் குரல் வந்தது. "இவளைக் குளிப்பாட்டினியா? மூஞ்சியெல்லாம் மண்ணா இருக்கு. மாட்டுப் பொங்கலன்னைக்குக் குளிப்பாட்டாத மாட்டுக்கா பொட்டு வைக்கிறது? ஊத்துடா தண்ணிய. நான் பாக்கணும்."

"காலைல குளிச்சிட்டாக்கா. சளி பிடிச்சுக்கும்."

"ஊத்துடா."

அக்கா அந்தக் குரலில் சொன்னால் அறுபது வயதுக்காரரும் ஆறு வயதாகிவிடுவார். வாளியைத் தூக்கி ஊற்றினார். செம்மண் கரைந்து மாட்டின் கண் வழியே சிவப்பாக வடிந்தது. "ஐயோ ரத்தம்" என்று சிட்னி அலறியது. பதற்றத்தில் இன்னொரு வாளி ஊற்றினார். மாடு தலையை உதறியது. இடது கொம்பு கழன்று பொத்தென்று தரையில் விழுந்தது.

நியூஜெர்சியும் சிட்னியும் திரையை நெருங்கி எட்டிப் பார்த்தன.

மாடு குனிந்து தன் கொம்பை முகர்ந்தது. பிறகு கறுக் முறுக்கென்று தின்றது.

குணசேகரன் கண்ணை மூடிக்கொண்டார். வீட்டுப் பத்திரம், திருமுருகனின் முகம், வாட்ஸப் குழுவில் வரப்போகும் வார்த்தைகள் எல்லாம் மூடிய கண்ணுக்குள் ஓடின. அக்கா திட்டினால்கூடத் தேவலை. பேசாமல் போனை வைத்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் பயந்தார்.

"லச்சு," என்றது போன்.

மாட்டின் காது இரண்டும் நிமிர்ந்தன.

"ஏ லச்சு. இங்க பாரு."

இவ்வளவு நேரம் மலையாக நின்ற மாடு நடந்து வந்து, திரையை ஒரே நக்காக நக்கியது. இரண்டு நாட்டு உறவினர்களும் ஒரு பெரிய நாக்கைத் தரிசித்தார்கள். தான் போனைப் பிடித்த கையில் வாழைப்பழம் பிசுபிசுத்தது குணசேகரனுக்கு நினைவு வந்தது. அந்த வாசனைக்குத்தான் வந்திருக்கும்.

அக்கா அழுதுகொண்டே சிரித்தார். "நெத்தி வெள்ளையப் பாரு. கெணத்தடித் தூண்ல முட்டி ஒடிச்சுக்கிட்ட கொம்பப் பாரு. எதுக்குடா அதையெல்லாம் மறைச்சே?"

"அழகா இருக்கட்டுமேன்னுதான்க்கா."

"ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. ஒரு வருஷமா நீ அனுப்பின போட்டோ எதுலயும் இவ ஜாடையே இல்ல. வித்துட்டியோன்னு நெனைச்சேன். கேக்க பயமா இருந்துச்சு." மூக்கை உறிஞ்சினார். "என் தம்பிய நானே சந்தேகப்பட்டுட்டேன் பாரு."

கால் முடிந்தது. தப்பித்தாயிற்று. அக்காவுக்குக் கண்ணில் புரை விழுந்திருக்க வேண்டும், பாவம், முறிந்த கொம்புள்ள எந்த மாட்டைக் காட்டினாலும் லட்சுமி என்றுதான் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டார். ஜெயித்தவனுக்கு வர வேண்டிய சந்தோஷம்தான் ஏனோ வரவில்லை. போன் திரையிலிருந்த எச்சிலைத் துடைக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வாசலில் குட்டியானை வந்து நின்றது. ஹமீதா பானு இறங்கிப் பின்கட்டுக்கு வந்தார். ஈரமாக நின்ற மாட்டின் நெற்றியைத் தடவிக் கொடுத்தார். மாடு காரை ஒட்டி நின்ற இடத்தை விட்டு நகர மறுத்தது.

குணசேகரன் பர்ஸை எடுத்தார். "வாடகையை வாங்கிக்கணும்மா. இல்லேன்னா என் மனசு கேக்காது. நல்ல மாடும்மா, சொன்னதையெல்லாம் கேட்டுது."

"பர்ஸை உள்ள வைங்க சார்," என்றார் ஹமீதா பானு. "எத்தனையோ வருஷமா மாடு வாங்கிட்டிருக்கேன். வித்துட்டுப் போனவங்க ஒருத்தர்கூட எங்க பண்ணைப் பக்கம் எட்டிப் பாத்ததில்ல. தான் வித்த மாட்டை ஊரெல்லாம் தேடிக் கண்டுபிடிச்சு, பொங்கலுக்கு ஒரு நாளாவது அது நின்ன எடத்துலயே கட்டிப் பாக்கணும்னு கேட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான்."