படகுக்குக் குளிருமே!

இந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டு வேலைக்கு டிமிக்கி கொடுப்பது என்று அல்கோட் தீர்மானித்துவிட்டான். கடலே உறைந்து கிடக்கும் தீவில் மனுஷன் எங்கே ஓடி ஒளிவது? கொட்டகையில் ஏற்றி வைத்த மரப்படகு இருக்கிறதே! அப்பா தன் கையால் கட்டியது. அதன் பக்கத்தில் குட்டி இரும்பு அடுப்பு ஒன்றை வைத்தான். படகுக்குள்ளே கம்பளி, காப்பி, ரேடியோ. சொர்க்கம்.

"ஏங்க, கொட்டகையில எதுக்கு அடுப்பு?" என்றாள், ஜனவரியில் ஒருநாள் வந்து பலகையைத் தடவிப் பார்த்த மனைவி யோர்டிஸ்.

"படகுக்குக் குளிருமே!"

"படகுக்கா, உங்களுக்கா?"

"ஈரம் ஏறினா பலகை உளுத்துப் போயிடும். உனக்கென்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணுதான் தெரியும். மே மாசம் கடல்ல இறக்கி ஒரு வாரத்துல பலகை ஊறி ஒழுக்கு நிக்கலன்னா, வெட்டி நம்ம சௌனா நீராவிக் குளியலறை அடுப்புல போட்டுடுவேன். அப்புறம் பிளாஸ்டிக் படகுதான்."

பிளாஸ்டிக்! அந்த வார்த்தையே அவனுக்குப் பல்வலி.

பிப்ரவரி கடைசியில் ஒருநாள், படகுக்குள் சாய்ந்து காப்பி உறிஞ்சியவன் முழங்காலில் ஜன்னல் வெயில் கோடு கோடாக விழுந்தது. நிமிர்ந்து பார்த்தான். பலகைக்குப் பலகை இடைவெளி. அடுப்புச் சூட்டில் மரம் காய்ந்து சுருங்கி, படகு சல்லடை ஆகியிருந்தது.

அடுப்பை அணைத்தான். சாக்குகளைப் படகுக்குள் விரித்தான். இனி தினமும் அவற்றைக் கடல்நீரில் நனைத்தால்தான் மரம் ஊறும். பனிக்கட்டியில் துளை போட்டுத் தண்ணீர் மொள்ள வாளியோடு கிளம்பினான்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"மீன் பிடிக்க."

"வாளியாலயா?"

"அது... புது முறை."

"அப்படியா? சும்மா வெறும் வாளியோட திரும்பாதீங்க. சௌனாத் தொட்டியையும் ரொப்பிடுங்க."

மறுத்தால் குட்டு உடையும். ரொப்பினான். உப்பு அதிகமில்லாத கடல் அது; மறுநாள் துணி அலச எட்டு வாளி. அதற்கடுத்த நாள் தரை கழுவ ஆறு. மார்ச், ஏப்ரல் முழுக்க அல்கோட்தான் வீட்டுக்குத் தண்ணீர் வண்டி. ஆனால் கோடுகள் ஒவ்வொன்றாய் மறைந்தன. முதுகு வலித்தாலும் மனசு விசிலடித்தது.

மே மாதம் படகு கடலில் இறங்கியது. முதல் நாள் கணுக்கால் வரை தண்ணீர். இரண்டாம் நாள் ஒரு குவளை. மூன்றாம் நாள், சொட்டு இல்லை! அல்கோட் பலகையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா? பிளாஸ்டிக்காம் பிளாஸ்டிக்!" என்றான் கரையில் நின்ற மனைவியிடம்.

"அந்த சோப்பு டப்பா யாருக்கு வேணும்?"

"அப்போ நீ சொன்னது?"

"ஜனவரியிலேயே பலகை இடுக்குல என் சுண்டுவிரல் போச்சுங்க. நான் நேரா சொல்லியிருந்தா அடுப்பை எடுத்திருப்பீங்களா? அதான் பிளாஸ்டிக்னு பயமுறுத்தி வெச்சேன்."

யோர்டிஸ் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி, சுக்கானைப் பிடித்துச் சொகுசாய் உட்கார்ந்தாள்.

"துடுப்புப் போடுங்க. ரெண்டு மாசத்துல கை நல்லா முறுக்கேறியிருக்கு."