எச்சில் படாத தண்ணீர்

சுத்தக்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். காசை வாங்கினால் காசைக் கழுவுவார், காசைத் தொட்ட கையைக் கழுவுவார், அந்தக் கையால் சொம்பைத் தொட்டுவிட்டோமே என்று சொம்பைக் கழுவி, சொம்பைக் கழுவிய கையை மறுபடியும் கழுவுவார். இதற்கு முடிவு உண்டா? கிணறு வற்றினால் உண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் இந்த இனத்துக்கே தலைவராக இருந்தவர் இண்டூர்ப் பள்ளிக்கூடத்து சயன்ஸ் வாத்தியார் பச்சியப்பன். ஒகேனக்கல் அருவியில் குளித்தாலும், மேலே மைசூர்ச் சீமையில் யார் யார் குளித்த தண்ணீரோ என்று வீட்டுக்கு வந்து இன்னொரு முறை குளிப்பார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் சொந்த டம்ளர். அதையும் உதட்டில் வைக்காமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்வார். ஒருநாள் உப்பையும் கழுவிப் போடச் சொன்னார். மனைவி காசியம்மாள் கழுவினாள். அன்றைக்குக் குழம்பு எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரு சோதனை வந்தது. வேலை இன்னும் பெர்மனென்ட் ஆகவில்லை. சேலத்திலிருந்து வரும் இன்ஸ்பெக்டர், இவர் பாடம் நடத்துவதைப் பார்த்து நல்லபடியாக எழுதினால் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் கம்பைநல்லூரில் மாமனாரின் புளி மண்டி. வருகிற ஆளெல்லாம் புளியைக் கிள்ளி வாயில் போட்டு, நக்கிய விரலாலேயே மறுபடியும் கிள்ளும் வியாபாரம். நினைத்தாலே வாத்தியாருக்கு உடம்பு அரித்தது.

நடத்த வேண்டிய பாடம், நீருக்குள் இருக்கும் செடி எப்படி உயிர் வாழ்கிறது என்பது. ஏரியில் பிடுங்கிய வேலம்பாசியைக் கண்ணாடித் தொட்டித் தண்ணீரில் போட்டு, அதன்மேல் புனலைக் கவிழ்த்து, புனலின்மேல் தண்ணீர் நிரம்பிய கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்து வெயிலில் வைத்தால், இலையிலிருந்து முத்து முத்தாகப் பிராணவாயு கிளம்பும். முதல்நாள் ஒத்திகையில் அமர்க்களமாகக் கிளம்பியது. அதோடு விட்டிருக்கலாம். விடுவாரா? மாடு இறங்கிய ஏரித் தண்ணீரையா அதிகாரி முன்னால் வைப்பது என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. பாசியை அலசோ அலசு என்று அலசி, வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து, காற்றுகூடப் படாமல் மூடி ஆறவைத்து, மறுநாள் அதைத் தொட்டியில் ஊற்றினார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். தொட்டி வெயிலுக்குப் போயிற்று. ஒரு குமிழி இல்லை. வகுப்பே பார்க்கிறது, இன்ஸ்பெக்டர் பார்க்கிறார், ஓரமாக நின்ற தையல் டீச்சர் லூர்துமேரி பார்க்கிறாள். பாசி மட்டும் தேமே என்று கிடக்கிறது.

"இது எதைத் தின்னு உயிர் வாழுது, சார்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அதெல்லாம் வாத்தியாருக்குத் தண்ணீர் பட்ட பாடு. "தண்ணியில கரைஞ்சிருக்கிற கரியமில வாயுவைத்தானுங்க. சூடு பண்ணினா அது வெளிய ஓடிரும், அதனால..."

சொல்லும்போதே அவருக்கு உறைத்தது. பாசியைப் பட்டினி போட்டுவிட்டு அதிகாரியை வேடிக்கைக்கு அழைத்திருக்கிறார், பாவி மனுஷர்! ஏரியும் தூரம், கிணறும் தூரம். பள்ளிக்கூடத்துப் பானையிலும் அவர் உத்தரவுப்படி கொதிக்கவைத்த தண்ணீர்தான்.

மிச்சமிருந்தது ஒரே வழி. நாம் விடும் மூச்சிலும் கரியமில வாயு உண்டு. ஒரு பப்பாளி இலைத் தண்டைத் தண்ணீரில் விட்டு ஊதினால் போதும். ஆனால் வாய் வைத்து ஊதிய தண்ணீருக்கு என்ன பெயர்? எச்சில்! தொட்டியைப் பார்த்தார். புளி மண்டியை நினைத்தார். புனலை எடுத்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஊதினார். பாதியில் இருமல் வந்ததும் இன்ஸ்பெக்டர் அதே தண்டை வாங்கி, துடைக்கக்கூட இல்லை, தன் வாயில் வைத்துக் குஷியாக ஊதினார். அப்புறம் லூர்துமேரி. அப்புறம் முன் பெஞ்சு முழுவதும்.

மறுபடியும் புனலையும் குழாயையும் கவிழ்த்து வெயிலில் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு குமிழி. இன்னொன்று. அப்புறம் சரம் சரமாக! இன்ஸ்பெக்டர் சாப்பிட்டுவிட்டு வந்து, குழாயில் சேர்ந்த வாயுவுக்குள் கனன்ற ஊதுபத்தியை நீட்ட, அது பளிச்சென்று பற்றிக்கொண்டது. வேலையை பெர்மனென்ட் செய்யச் சொல்லி எழுதுவதாக அங்கேயே சொல்லிவிட்டார். வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தார்.

அப்போதுதான் லூர்துமேரி மெல்லக் கேட்டாள்: "ஏனுங்க சார், நம்ம எச்ச மூச்ச அது தின்னுட்டு, வேண்டாம்னு துப்புறதத்தான் நாம பிராணவாயுன்னு இழுக்கறமுங்களா?"

இழுத்த மூச்சை வாத்தியார் அப்படியே பிடித்துக்கொண்டார். முகம் சிவந்தது, கண் பிதுங்கியது. அப்புறம் என்ன செய்வார்? விட்டார். விட்டதும் மறுபடியும் இழுத்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இந்தப் பக்கத்தைப் புரட்ட விரலை நாக்குக்குக் கொண்டுபோனவர், முன்னால் படித்தவரும் இப்படித்தானே புரட்டியிருப்பார் என்று சட்டென்று கையை இறக்கியிருந்தால், ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். வீட்டில் உப்பைக் கழுவச் சொல்லாதீர்கள்.