மூன்று பூட்டுப் பெட்டிக்குள் ஒரு செல்போன்

ஓடிபி வரவில்லை.

பூட்டுக்காரர் கம்ப்யூட்டர் திரையை முறைத்துக்கொண்டிருந்தார். 'உங்கள் செல்போனுக்கு அனுப்பிய எண்ணை இங்கே இடவும்' என்று திரையில் ஒரு கட்டம். அதன் பக்கத்தில் விநாடிகள் குறைந்துகொண்டே வந்தன.

"செல்போன் எங்க மாமா?" என்று கேட்டார் மாப்பிள்ளை. ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். கம்ப்யூட்டரை எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வந்து மாமனார் வீட்டு முன்னறையில் வைத்தவரும் அவர்தான்.

"பத்திரமா இருக்கு மாப்பிள்ளை."

"பத்திரமான்னா?"

"பெட்டில."

மாப்பிள்ளையின் முகம் வெளிறியது. அந்தப் பெட்டியை அவருக்குத் தெரியும். கனத்த இரும்புத் தகட்டில் பூட்டுக்காரர் தன் கையாலேயே செய்தது. கட்டிலுக்கு அடியில் கிடக்கும். மூன்று பூட்டு. ஒரு சாவி அவர் இடுப்பில் தொங்கும். இன்னொன்று கடிகாரத்துக்குப் பின்னால் இருக்கும். மூன்றாவது எங்கே இருக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். சில நாள் அவருக்கும் தெரியாது.

பூட்டுக்காரர் படுக்கையறைக்குப் போய்க் குனிந்து, முட்டி போட்டு, பெட்டியை இழுத்து, மூன்று பூட்டையும் திறந்து முடித்தார். மூடி திறந்ததும், அதுவரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது போல செல்போன் 'டிங்' என்றது. எண் வந்துவிட்டது. முன்னறையிலிருந்து மாப்பிள்ளையின் குரலும் வந்தது.

"டைம் முடிஞ்சு போச்சு மாமா! இரும்புப் பெட்டிக்குள்ள வச்சா சிக்னல் எப்படி உள்ள போகும்?"

"எதுவும் உள்ள போகக் கூடாதுன்னுதானே இரும்புல செஞ்சேன்!"

சமையலறை வாசலில் அவர் மனைவி கையைத் துடைத்தபடி நின்றிருந்தாள். "ஏங்க, நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"நீ சும்மா இரு. இங்க ஒரு பெரிய காரியம் நடந்துகிட்டு இருக்கு."

அவள் உள்ளே போய்விட்டாள்.

காரியம் பெரியதுதான். பூட்டுக்காரர் உட்கார்ந்து தொழில் செய்யும் கடை விலைக்கு வந்திருந்தது. ஓர் ஆள் காலை நீட்ட முடியாத கடை. சுவர் முழுக்க வெட்டாத சாவிகள், சாவி வெட்டும் மெஷின் ஒன்று, பித்தளைத் தூள் ஒட்டிய ஒரு முக்காலி. கடையின் சொந்தக்காரரான கட்டடக்காரர் வந்து நின்று, "மாசக் கடைசிக்குள்ள நீங்க எடுத்துக்கிட்டா உங்களுக்கு. இல்லேன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த வயதுக்கு மேல் இன்னோர் இடத்தில் போய் உட்கார்ந்தால் யாருக்கு அவரைத் தெரியும்? சாவியைத் தொலைத்தவன் கால் தானாக வந்து நிற்கிற இடம் அது ஒன்றுதான். அது போனால் அவர் வீட்டில் உட்கார வேண்டும். வீட்டில் திறக்க எதுவும் இல்லை.

வாங்குவதற்கு வழியும் இருந்தது. அதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அவரே நம்பவில்லை. பல வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் பீரோ சாவியைத் தொலைத்துவிட்டு வந்து நின்றான். திறந்து கொடுத்ததும், "கையில காசில்ல, கிரிப்டோ காயினா தள்ளி விடறேன்" என்று சொல்லி, செல்போனில் எதையோ தள்ளிவிட்டான். கண்ணுக்குத் தெரியாத காசு. கையில் எடுக்க முடியாது, கீழே போட்டால் சத்தம் கேட்காது. ஏமாந்துவிட்டோம் என்று பூட்டுக்காரர் ரொம்ப நாள் பொருமினார். அந்தக் காசு, யாரும் தண்ணீர் ஊற்றாமலேயே வளர்ந்து, இன்றைக்கு ஒரு கடையளவு ஆகியிருந்தது.

அதற்குக் கணக்கு திறந்தபோது பெயர், படம், பேங்க் விவரம் எல்லாம் மனைவியுடையதையே கொடுத்தார். தன் பெயரைக் கண்ட இடத்தில் எழுதிக் கொடுக்கிறவர் இல்லை அவர். பேங்க்கையே நம்பாதவருக்கு பேங்க்கில் கணக்கு ஏது? எழுத்துக்குத்தான் அவள், மற்றபடி எல்லாம் அவருடையது. அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆக, காயினை விற்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதைச் செல்போனில் விற்பதா, கம்ப்யூட்டரில் விற்பதா என்பதில்தான் குடும்பம் இரண்டாகப் பிளந்தது.

"செல்போன்தான் அத்தான்" என்றான் மச்சான். மனைவியின் தம்பி. லாரிக்கு லோடு பிடித்துக் கொடுக்கிறவன். காதையும் செல்போனையும் தனித்தனியாக யாரும் பார்த்ததில்லை. "விலை ஏறுச்சா, நின்ன இடத்துல தட்டி விட்டுடலாம். கம்ப்யூட்டரைத் தோள்ல தூக்கிட்டா அலைய முடியும்?"

"திருடனும் அதைத்தானே சொல்வான், தூக்கிட்டுப் போக சுலபம்னு!"

"அதுக்குத்தான் கைரேகை இருக்கே. உங்க விரல் பட்டாத்தான் திறக்கும்."

விரலை வைத்தார். திறக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். எச்சில் தொட்டு வைத்தார். திறக்கவில்லை. காலமெல்லாம் அரம் பிடித்த விரல். ரேகையெல்லாம் பித்தளையோடு பித்தளையாகத் தேய்ந்து போயிருந்தது. ஊரில் இருக்கிற பூட்டையெல்லாம் திறந்த கையைத் தன் வீட்டுப் பூட்டு வெளியே நிறுத்திவிட்டது.

"என் விரலை வேணா வைக்கட்டுமா அத்தான்?"

"என் கதவுக்கு உன் விரலா? வேலையைப் பாருடா."

கடைசியில் மனைவியின் விரலை வைத்தார்கள். ஒரே தொடலில் திறந்துகொண்டது. அதன் பிறகு விலை பார்க்க வேண்டும் என்றால் அவர் சமையலறைக்குப் போய் நிற்க வேண்டும். அவள் ஈரக் கையைத் துடைத்து, விரலை வைத்து, திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு நீட்டுவாள்.

"இன்னைக்கு ஏறியிருக்கே. வித்துடலாமே?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

ஒரு நாள் அவரே விற்கத் துணிந்தார். திரையில் இருந்த பட்டன்கள் கடுகளவு. அவர் கட்டைவிரல் சுத்தியல் தலையளவு. 'விற்க' என்பதை அமுக்கினார். பக்கத்தில் இருந்த 'மாற்ற' அமுங்கியது. காயினில் ஒரு பங்கு, தவளைப் படம் போட்ட வேறொரு காசாக மாறியது. அந்தத் தவளை, அவர் டீ குடித்து முடிப்பதற்குள் பாதியாக இளைத்துவிட்டது.

"சின்ன ஸ்கிரீன்ல பெரிய காசை வச்சு விளையாடினா இப்படித்தான் ஆகும்" என்றார் செய்தி கேட்டு வந்த மாப்பிள்ளை. "உங்க மச்சான் பேச்சைக் கேட்டா தவளைதான் மிஞ்சும். கம்ப்யூட்டர் கொண்டு வர்றேன். எல்லாம் பெருசு பெருசா தெரியும்."

மாப்பிள்ளை சொல்லைத் தட்டக் கூடாது. பூட்டுக்காரர் செல்போனை மனைவியிடம் எறிந்தார். "கம்ப்யூட்டர் வர்ற வரைக்கும் நீயே வச்சுக்க. உன் விரல் இல்லாம எவனும் திறக்க முடியாது. அதுதான் பத்திரம்."

"சரிங்க" என்று அவள் வாங்கிக்கொண்டாள்.

கம்ப்யூட்டர் வந்தது. வந்த பிறகுதான், அதற்குள் நுழைய ஓடிபி வேண்டும், அது செல்போனுக்குத்தான் வரும் என்பது தெரிந்தது. பூட்டும் சாவியும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்பது அவர் தொழில் நியதி. அதனால்தான் செல்போன் பெட்டிக்குள் போனது. அதனால்தான் இந்த முட்டி வலி.

மறுநாள் மாப்பிள்ளை ஒரு வழி சொன்னார். பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருத்தர் படுக்கையறையில் உட்கார வேண்டும். எண் வந்ததும் அங்கிருந்து சத்தமாகச் சொல்ல வேண்டும். முன்னறையில் இவர் தட்டுவார். படுக்கையறையில் உட்கார மச்சானைக் கூப்பிட்டார்கள். செல்போனை ஒதுக்கியதில் ஏற்கெனவே முகத்தைத் தூக்கி வைத்திருந்தவன் அவன்.

"வந்துடுச்சா?" என்று இங்கிருந்து கத்தினார் மாப்பிள்ளை.

"வந்துடுச்சு, வந்துடுச்சு. அவசரப்படாதீங்க, கம்ப்யூட்டர் எங்கயும் ஓடிடாது. அதுக்குத்தான் கால் இல்லையே!"

எண்ணைச் சொன்னான். தட்டினார். தவறு என்றது. மறுபடி கேட்டார்கள். மறுபடி சொன்னான். மறுபடியும் தவறு. பெட்டிக்குள் அடைபட்டுக் கிடந்த பழைய செய்திகளெல்லாம் வரிசையில் நிற்க, அவன் மேலே இருப்பதைப் படிக்காமல் கீழே இருப்பதைப் படித்துக்கொண்டிருந்தான் என்பது மூன்றாவது தவறுக்குப் பிறகு தெரிந்தது.

திரை சிவந்தது. 'பாதுகாப்புக் கருதி உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது.'

பூட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்தார். "பூட்டிட்டானா?" என்று மட்டும் கேட்டார்.

"பூட்டினது அவன் இல்ல அத்தான், உங்க மாப்பிள்ளை."

"தப்புத் தப்பா சொன்னது யாரு?" என்றார் மாப்பிள்ளை.

"ஏங்க..." என்று தொடங்கினாள் மனைவி.

"சும்மா இருன்னு சொன்னேன்ல!"

திறக்க ஒரே வழி, முகத்தைக் காட்ட வேண்டும். கம்ப்யூட்டருக்குக் கண் இல்லை. "இப்ப எதுக்குச் செல்போன் வேணும்?" என்று மச்சான் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு அதை எடுத்து, அக்கா விரலை வைத்துத் திறந்து கொடுத்தான். பூட்டுக்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து முகத்தைக் காட்டினார். 'இடப்பக்கம் திரும்பவும்' என்றது. திரும்பினார். 'கண்ணைச் சிமிட்டவும்.' சிமிட்டினார். 'புன்னகைக்கவும்.'

அவர் மச்சானைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். அவர் சிரித்து அந்த வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆனாலும் கடைக்காகச் சிரித்தார். பல்வலி வந்தவர் போல இருந்தது.

'முகம் பொருந்தவில்லை.'

இன்னும் கொஞ்சம் சிரித்தார். பொருந்தவில்லை. "நல்லாச் சிரிங்க அத்தான்." "பல்லு தெரியட்டும் மாமா." கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தார். பொருந்தவே இல்லை. என்றோ கொடுத்த படம் யாருடையது என்று அங்கிருந்த ஆண்பிள்ளைகள் ஒருவருக்கும் தோன்றவில்லை. தெரிந்தவள் சமையலறையில் இருந்தாள். இந்தத் தடவை அவள் வாயைத் திறக்கவில்லை.

"செல்போன்லயே விட்டிருந்தா இந்நேரம் கடை நம்மளது" என்றான் மச்சான். "ஆரம்பத்திலேயே கம்ப்யூட்டருக்கு வந்திருந்தா தவளையும் வந்திருக்காது, நீங்களும் வந்திருக்கமாட்டீங்க" என்றார் மாப்பிள்ளை. ஒருவர் முன்வாசல் வழியாகப் போனார். இன்னொருவன் பின்வாசல் வழியாகப் போனான். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றது.

காயின் கம்பெனிக்கு எழுதிப் போட்டார்கள். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. மாதம் பரிசீலனைக்குக் காத்திருக்கவில்லை, முடிந்துவிட்டது.

கடைசி நாள் காலையில் செருப்பை மாட்டும்போது மனைவி வாசல் வரைக்கும் வந்தாள். "கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வார்த்தைங்க."

"வந்து கேக்கறேன். இன்னைக்கு என்னை விட்டுடு."

அவள் ஏதோ சொல்லக் கையைத் தூக்கினாள். அதற்குள் அவர் தெருமுனை திரும்பிவிட்டார்.

கடையைத் திறந்து முக்காலியில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்தார். பிறகு சுவரில் தொங்கிய சாவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாக்கில் போட்டார். மெஷினைத் தரையோடு பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றினார். ஓர் அம்மாள் வீட்டுச் சாவிக்கு நகல் கேட்டு வந்தாள். "கடை இல்லைம்மா" என்றார். சொன்ன பிறகுதான் அது தன் வாயிலிருந்தா வந்தது என்று திகைத்தார். அவள் போய் ரொம்ப நேரம் ஆகியும் அவர் வாசல் பக்கம் திரும்பவில்லை.

கடைசியாகக் கதவுப் பூட்டு. இளவயதில் அவர் தன் கையால் செய்து மாட்டியது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட மக்கர் பண்ணியதில்லை. எண்ணெய்த் துணியால் அதைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

அந்த நேரம் பார்த்துக் கட்டடக்காரர் குடையை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். காலியாகக் கிடந்த சுவரையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன பூட்டுக்காரரே, வெள்ளையடிக்கப் போறீங்களா?"

பூட்டுக்காரர் எழுந்து நின்றார். பூட்டையும் சாவியையும் இரண்டு கையாலும் நீட்டினார்.

"என்னால முடியல. செல்போனையும் நம்பினேன், கம்ப்யூட்டரையும் நம்பினேன். ரெண்டும் கழுத்தை அறுத்துடுச்சு. நீங்க சொன்ன வார்த்தைக்கு இத்தனை நாள் காத்திருந்தீங்க, அதுவே பெருசு. வேற ஆளுக்கே கொடுத்துடுங்க. பூட்டு மட்டும் கடையோடவே இருக்கட்டும், நல்ல பூட்டு."

கட்டடக்காரர் பூட்டை வாங்கவில்லை. குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தார்.

"சாவியை எங்கிட்ட ஏன் நீட்டுறீங்க? உங்க வீட்டம்மா செல்போன்லயே காயினை வித்து, எனக்குப் பணத்தைக் கட்டி, கடையைத் தன் பேர்ல எழுதி வாங்கி ரெண்டு வாரமாச்சே. வாங்குறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, 'இப்ப இருக்கிற பூட்டுக்காரர் வாடகை ஒழுங்கா குடுப்பாரா?'ன்னு."